திராட்சைக் குலையும் இரு நஞ்சுகளும்



திருக்குர்ஆன் திராட்சையைப் பல இடங்களில் குறிப்பிடுகிறது. மழையை இறக்கி, நிலத்தைப் பிளந்து, தானியத்தையும் திராட்சையையும் முளைக்கச் செய்ததை 'அபஸ' அத்தியாயம் நினைவூட்டுகிறது. 'அந்நஹ்ல்' அத்தியாயமோ, பேரீச்சை, திராட்சை ஆகியவற்றின் கனிகளிலிருந்து மனிதர்கள் போதைப் பொருளையும் பெறுகிறார்கள், நல்ல உணவையும் பெறுகிறார்கள் என்று இரண்டையும் அருகருகே வைத்துச் சொல்கிறது. ஒரே கனி; மனிதனின் கை எதைத் தேர்கிறதோ அதுவாகவே அது மாறுகிறது.

திராட்சை மதுவின் தீங்கைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மில் பலர், "அது குடிப்பவர்களுக்கான பேச்சு, நம் வீட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கலாம். குடியைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வியே. ஆனால் மதுவுக்காக வளர்க்கப்பட்ட கொடியைக் காப்பாற்றுவதற்காக மனிதன் கடந்த நூற்று நாற்பது ஆண்டுகளாகத் தெளித்து வரும் நஞ்சுகளின் வரலாறு அப்படிப்பட்டதன்று. அது மதுக் கோப்பையில் தொடங்கி, நோயாளியைக் காண நாம் வாங்கிச் செல்லும் பழப்பையில் வந்து நிற்கிறது. அதில் ஒரு நஞ்சு மற்றொன்றை மறைத்துவிட்ட நிகழ்ச்சிகள் பல உண்டு. அவற்றையே இங்குச் சற்று விரிவாகப் பார்க்க விரும்புகிறோம்.

முதல் நஞ்சு

முதலில் பழகிய நஞ்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். நபி (ஸல்) அவர்களுக்காக உலர்ந்த திராட்சை தோல்பையில் நீரில் ஊற வைக்கப்படும். அன்றும் மறுநாளும் மூன்றாம் நாளும் அதை அருந்துவார்கள். மூன்றாம் நாள் மாலைக்குப் பின் எஞ்சியிருந்தால் கொட்டிவிடச் செய்வார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி முஸ்லிம் நூலில் இடம்பெற்றுள்ளது. வெப்ப நாட்டில் இனிப்பு நீர் சில நாட்களில் நுரைக்கத் தொடங்கும். திராட்சைத் தோலிலும் காற்றிலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு ஆல்கஹாலை வெளியிடுகிறது. எந்த நாளில் பானம் நல்லுணவாக இருந்து போதையாகிறது என்ற எல்லையை, ஈஸ்ட்டின் வேலையை அறிவியல் விளக்குவதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே மதீனாவின் இல்லங்கள் கவனித்திருக்கின்றன.

அந்த ஆல்கஹால் உடலுக்குள் சென்றதும் அசிட்டால்டிஹைடு என்னும் பொருளாக மாறுகிறது. அது உயிரணுவின் மரபுப் பொருளைச் சிதைக்க வல்லது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மதுபானங்களை 1988-ஆம் ஆண்டிலேயே மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என உறுதி செய்யப்பட்ட முதல் பிரிவில் வைத்தது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழல், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகியவை அதனால் பாதிக்கப்படும் உறுப்புகள். 1990களில் "சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது" என்ற பேச்சு மேலைநாடுகளில் பெரிதாகக் கிளம்பியது. திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெரட்ரால் என்ற பொருளை அதற்குக் காரணமாகக் காட்டினர். தோலில் இருக்கும் பொருளுக்காகத் தோலோடு பழத்தைத் தின்றால் போதுமே, அதை ஏன் புளிக்க வைத்துக் குடிக்க வேண்டும் என்று அன்று கேட்டவர்கள் குறைவு! 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், உடல்நலத்துக்குத் தீங்கற்ற மது அளவு என்று எதுவும் இல்லை என அறிவித்தது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் மதுவால் நேர்ந்த மரணங்கள் 26 லட்சம் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு.

கொடியின் மீது விழுந்த நீலச் சாயம்

இரண்டாம் நஞ்சின் கதை ஒரு விந்தையான நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறது. பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் மில்லார்தே. 1882-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் மெதோக் பகுதியின் திராட்சைத் தோட்டங்களின் வழியே சென்றார். அந்த ஆண்டு அடிச்சாம்பல் நோய் தாக்கித் தோட்டமெங்கும் இலைகள் கருகி உதிர்ந்திருந்தன. ஆனால் சாலையோரத்து வரிசைகளில் மட்டும் கொடிகள் பச்சையாக நின்றன. அவற்றின் மீது ஏதோ நீல நிறம் படிந்திருந்தது. விசாரித்தபோது, வழிப்போக்கர்கள் பழம் பறித்துத் தின்னாமல் இருக்க, பார்த்தாலே நஞ்சு போலத் தோன்றும்படி மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்து வைப்பது அவ்வூர் வழக்கம் என்று தெரிந்தது. அதை ஆராய்ந்து 1885-இல் அவர் வெளியிட்ட முறைதான் இன்றும் நம் ஊர் விவசாயிகள் 'போர்டோ கலவை' என்று அழைப்பது.

திருடனை அச்சுறுத்தத் தெளித்தது மருந்தாகிவிட்டது. அது நன்மையா தீமையா என்று ஒரு சொல்லில் தீர்ப்புக் கூற இயலாது. அந்தக் கலவை இல்லையென்றால் உலகின் பல தோட்டங்கள் அழிந்திருக்கும். எனினும் அதைத் தெளித்தவர்களின் நெஞ்சுக்குள் என்ன நேர்ந்தது என்பதைப் பார்க்க எண்பது ஆண்டுகள் ஆயின. 1969-இல் போர்த்துகல் நாட்டு மருத்துவர்கள், ஆண்டுக்கணக்கில் முதுகில் தெளிப்பானைச் சுமந்த தோட்டத் தொழிலாளர்களின் நுரையீரலில் தாமிரம் படிந்து தழும்பேறியிருப்பதைக் கண்டு, அதற்குத் 'திராட்சைத் தோட்டத் தெளிப்பாளர் நுரையீரல்' என்றே பெயரிட்டனர்.

இதே காலத்தில் வேறொரு பேரிடரும் பிரான்சைத் தாக்கியது. அமெரிக்கக் கொடிகளோடு வந்த ஃபைலோக்ஸெரா என்னும் வேர்ப்பேன் 1863 முதல் அந்நாட்டின் தோட்டங்களை வேரோடு அரித்தது. 1875-இல் ஏறத்தாழ 840 கோடி லிட்டராக இருந்த பிரெஞ்சு மது உற்பத்தி, 1889-இல் 230 கோடி லிட்டர் அளவுக்கு வீழ்ந்தது. அந்தத் தாகத்தைத் தீர்க்க பிரெஞ்சு ஆட்சியாளர்களும் குடியேறிகளும் கண்வைத்த நிலம் எது தெரியுமா? 1830 முதல் அவர்கள் பிடியில் இருந்த அல்ஜீரியா!

முஸ்லிம்கள் வாழும் அந்த மண்ணில், கோதுமை விளைந்த சமவெளிகள் திராட்சைத் தோட்டங்களாயின. 1930களில் அங்குச் சுமார் 4 லட்சம் ஹெக்டேரில் மதுவுக்கான திராட்சை பயிராயிற்று. மது அருந்தாத மக்களின் நாடு உலகிலேயே மிக அதிகமாக மது ஏற்றுமதி செய்யும் நாடாக ஆக்கப்பட்டது. தோட்டங்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் குடியேறிகளுடையவை. கவாத்து, களையெடுப்பு, மருந்துத் தெளிப்பு, அறுவடை என்று கூலிக்குக் கைகொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணின் முஸ்லிம்கள். மதுவைப் பிழிபவர், சுமப்பவர், விற்பவர் எனப் பத்து வகையினரைக் கண்டிக்கும் நபிமொழி திர்மிதீ, இப்னு மாஜா நூல்களில் உள்ளது. அதை அறிந்த ஓர் ஏழை, சொந்த நிலம் பறிபோன பின் பிள்ளைகளின் ரொட்டிக்காக அந்தத் தோட்டத்தில் இறங்கியபோது அவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஒரு சொட்டும் குடிக்காத அவனுக்கு, மதுவின் பொருட்டுத் தெளிக்கப்பட்ட மருந்தின் புகை மட்டும் பங்காகக் கிடைத்தது. 1962-இல் நாடு விடுதலை பெற்ற பின், 1970களில் அக்கொடிகளில் பெரும்பகுதி பிடுங்கப்பட்டு மீண்டும் தானியம் விதைக்கப்பட்டது.

ஒன்றை ஒன்று மறைத்த கதை

போர்டோ கலவை பூஞ்சைக்கு எதிரானது. புழுவுக்கு? அதற்கு மனிதன் நாடியது பாஷாணம் எனப்படும் ஆர்சனிக்.

ஆர்சனிக்கும் மதுவும் ஒன்றுசேர்ந்தால் எத்தகைய மயக்கம் நேரும் என்பதற்கு முதலில் இங்கிலாந்து ஒரு சான்று தந்தது. 1900-ஆம் ஆண்டு மான்செஸ்டர் வட்டாரத்தில் பீர் குடித்தவர்கள் ஆயிரக்கணக்கில் கைகால் மரத்துப் படுத்தனர். மருத்துவர்கள், "இது குடிகாரர்களுக்கு வரும் நரம்பு நோய்தானே" என்று கடந்துவிட்டார்கள். மற்றச் சாராயங்களைக் குடிப்பவர்களுக்கு இது ஏன் வரவில்லை என்று ரெனால்ட்ஸ் என்ற மருத்துவர் கேட்டார். பீரைச் சோதித்தார், ஆர்சனிக் இருந்தது. பீருக்கான சர்க்கரையைத் தயாரிக்கப் பயன்பட்ட கந்தக அமிலத்தில் அது கலந்திருந்தது. அதற்குள் 6000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, குறைந்தது 70 பேர் மாண்டிருந்தனர். குடி என்ற திரைக்குப் பின்னால் பாஷாணம் ஒளிந்துகொண்டது.

அந்தப் பாடம் ஜெர்மனியின் திராட்சைத் தோட்டங்களுக்குப் போய்ச் சேரவில்லை. மோசல் ஆற்றின் இருகரையிலும் செங்குத்தான மலைச்சரிவுகளில் திராட்சை பயிரிடும் குடும்பங்கள் வாழ்கின்றன. முதல் உலகப் போருக்குப் பின்வந்த ஆண்டுகளில் அங்கு அந்துப்பூச்சியின் புழுக்கள் பூவையும் காயையும் தின்று தீர்த்தன. அவற்றை ஒழிக்க ஆர்சனிக் சேர்ந்த தூளையும் கரைசலையும் தோட்டமெங்கும் தூவினர். முகமூடியோ கையுறையோ கிடையாது. தூவுகிறவர் அதையே சுவாசித்தார்; கையில் படிந்ததோடு உணவு உண்டார்.

இதைவிடக் கொடிய வழி ஒன்றும் இருந்தது. நல்ல மது விற்பனைக்குப் போய்விடும். பிழிந்த பின் எஞ்சும் சக்கையில் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்து மீண்டும் புளிக்க வைத்து, 'வீட்டுப் பானம்' என்ற பெயரில் குடும்பத்தாரும் கூலியாட்களும் குடிப்பது அவ்வூர்களின் வழக்கம். மருந்து எங்கே படியும்? தோலில். தோல் எங்கே மிஞ்சும்? சக்கையில். நகரத்துச் செல்வந்தரின் கோப்பைக்குச் சென்ற மதுவில், ஆர்சனிக்கின் ஒரு பகுதி நொதிக்கும்போது வண்டலோடு அடியில் தங்கிக் குறைந்துவிட்டது. பாடுபட்ட குடியானவரின் குவளையிலோ அது செறிந்து நின்றது. அவர் அதை நாள்தோறும் தண்ணீர் போலக் குடித்தார்.

உள்ளங்கையிலும் பாதத்திலும் சோளமணி போன்ற தடிப்புகள் எழுந்தன. தோல் கருமையும் வெண்மையுமாகப் புள்ளியிட்டது. விரல் நுனிகளுக்கு இரத்தம் செல்லாமல் சிலருக்கு அழுகல் கண்டது. கல்லீரல் சுருங்கியது. ஆனால், நாள்தோறும் புளித்த பானம் குடிக்கும் ஒருவருக்குக் கல்லீரல் சுருங்கினால் உலகம் என்ன சொல்லும்? குடியே காரணம் என்றுதான் சொல்லும். அதில் பாதி உண்மையும் இருந்தது. மீதிப் பாதியை மறைத்தது அந்தப் பாதி உண்மைதான்.

ஜெர்மனியில் திராட்சைக்கு ஆர்சனிக் மருந்து தெளிப்பது 1942-இல் தடை செய்யப்பட்டது. கொடிகளிலிருந்து நஞ்சு போயிற்று, உடல்களிலிருந்து போகவில்லை. ஆர்சனிக் விளைவிக்கும் புற்றுநோய் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் காத்திருந்து வெளிப்படும் இயல்புடையது. 1960-க்கும் 1977-க்கும் இடையில் இறந்த மோசல் விவசாயிகள் 163 பேரின் உடற்கூறு ஆய்வுகள் 1983-இல் தொகுத்து வெளியிடப்பட்டன. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் காணப்பட்டது. சிலருக்குக் கல்லீரலில் அரிய வகைக் கட்டிகளும் இருந்தன. கடைசி முறை மருந்து தூவி முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்த மலைச்சரிவு தன் உழவர்களை இழந்துகொண்டிருந்தது.

பக்கத்து நாடான பிரான்ஸ் இதைக் கண்டும் முழுமையாகத் திருந்தவில்லை என்பதே எமக்கு வியப்பாக இருக்கிறது. கொடியின் தண்டைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோய்க்காக சோடியம் ஆர்சனைட் என்னும் அதே குடும்பத்து நஞ்சை அந்நாடு 2001 நவம்பரில்தான் தடை செய்தது. 2012-இல், பூச்சிக்கொல்லிகளைக் கையாண்ட விவசாயிகளுக்கு வரும் பார்க்கின்சன் நோயைத் தொழில்சார் நோயாக ஏற்று ஆணை பிறப்பித்தது. அந்நாட்டின் விளைநிலத்தில் மிகச் சிறிய பகுதியே திராட்சை. ஆனால் பூச்சிக்கொல்லிச் செலவில் அதன் பங்கு மிகப் பெரியது.

மதுப் புட்டிக்குள் எஞ்சுவது என்ன? 2008-இல் பான் ஐரோப்பா என்ற அமைப்பு 40 புட்டிகளைச் சோதனைக்கு அனுப்பியது. இயற்கை முறையில் அல்லாமல் விளைந்த திராட்சையின் ஒயின் அனைத்திலும் பூச்சிக்கொல்லி எச்சம் இருந்தது. ஒரு புட்டியில் பத்து வகை. இந்த இடத்தில் நாம் நேர்மை தவறக் கூடாது. அந்த எச்சங்கள் மைக்ரோகிராம் கணக்கில் அளக்கப்படுபவை. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதே 750 மில்லி லிட்டர் புட்டியில், நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் என்று கொண்டால், ஆல்கஹால் ஏறத்தாழ 71 கிராம்! மருந்தில்லாத 'இயற்கை ஒயின்' என்று இப்போது பெருமையோடு விற்கிறார்கள். சிறிய நஞ்சை நீக்கிப் பெரிய நஞ்சை அப்படியே வைத்திருக்கும் வாணிபம் அது.

பழத்தட்டு

இனி, குடிப்பவரை விட்டுப் பழம் உண்பவரிடம் வருவோம். இங்கே பெரிய நஞ்சு இல்லை. சிறிய நஞ்சு மட்டுமே. ஆகவே அது திரையின்றித் தெரிய வேண்டும். தெரிந்ததா?

கலிபோர்னியாவின் டெலானோ பகுதியில் உண்ணும் திராட்சை பறிக்கும் தொழிலாளர்கள் 1965 செப்டம்பரில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பிலிப்பைன்ஸ் நாட்டவர் தொடங்கிய அதில் சீசர் சாவேஸ் தலைமையில் மெக்சிகோ வம்சாவளியினர் இணைந்தனர். மக்கள் திராட்சை வாங்குவதையே நிறுத்தி ஆதரவளித்தார்கள். 1970-இல் கையெழுத்தான ஒப்பந்தங்களில் கூலி உயர்வோடு டி.டி.டி., ஆல்ட்ரின், டீல்ட்ரின் போன்றவற்றைத் தோட்டத்தில் பயன்படுத்தக் கூடாது என்ற விதியும் சேர்ந்தது. அமெரிக்க அரசு டி.டி.டி.யைத் தடை செய்ததே 1972-இல்தான். அரசுக்கு முன்னரே கூலித் தொழிலாளர்கள் விழித்துக்கொண்டனர்.

அந்தத் தோட்டங்களில் யமன் நாட்டு முஸ்லிம் இளைஞர்களும் வேலை செய்தார்கள் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அவர்களுள் ஒருவரான நாகி தைஃபல்லாஹ், 1973 ஆகஸ்டில், மீண்டும் மூண்ட வேலைநிறுத்தத்தின்போது காவலர் ஒருவரின் தாக்குதலால் தலையில் அடிபட்டு இறந்தார். வயது 24. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், அந்த முஸ்லிம் இளைஞரின் ஜனாஸா ஊர்வலத்தில் டெலானோ வீதிகளில் நடந்தார்கள். 1988-இல் சாவேஸ் மேற்கொண்ட 36 நாள் உண்ணாநோன்புக்கும் பொருள் திராட்சையின் பூச்சிக்கொல்லியே; சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் குழந்தைகளுக்கு வந்த புற்றுநோய் அப்போது நாடெங்கும் பேசப்பட்டது.

நம் நாட்டில் மராட்டியத்தின் நாசிக் திராட்சை புகழ் பெற்றது. 2003-இல் ஐரோப்பாவுக்குச் சென்ற நம் திராட்சையில் மெத்தோமில் போன்றவற்றின் எச்சம் அளவுக்கு மேல் இருப்பதாக நெதர்லாந்தில் கண்டறிந்தனர். அதன்பின் ஏற்றுமதித் தோட்டங்களைப் பதிவு செய்து, அறுவடைக்கு முன் மாதிரி எடுத்துச் சோதிக்கும் ஏற்பாடு வந்தது. நல்ல ஏற்பாடுதான். எனினும் 2010-இல் மீண்டும் சரக்குகள் ஐரோப்பியத் துறைமுகங்களில் தேங்கின. கொடியின் வளர்ச்சியை அடக்கத் தெளிக்கும் குளோர்மெக்குவாட் என்ற பொருள், கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்ற அவர்களது வரம்பை மீறியிருந்தது. காரணம் எளியது. நம் சோதனைப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. மான்செஸ்டரில் யாரும் தேடாததால் ஆர்சனிக் தப்பியது. நாசிக்கில் யாரும் தேடாததால் இது தப்பியது. கடன் வாங்கிப் பயிரிட்ட விவசாயிகள் பெருத்த நட்டம் அடைந்தனர். மெத்தோமில் இந்தியாவில் 2023-இல் தடை செய்யப்பட்டது. நெதர்லாந்து சுட்டிக்காட்டி இருபது ஆண்டுகள் கழித்து!

ஐரோப்பாவுக்குச் செல்லும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆய்வுக்கூட அறிக்கை உண்டு. நம் சந்தைக்கு வரும் குலைக்கு அப்படி எதுவும் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்புகளை வகுத்துள்ளது. அவ்வப்போது மாதிரி எடுப்பதும் உண்டு. ஆனால் தள்ளுவண்டியில் இருக்கும் குலையின் வரலாற்றை விற்பவரும் அறியார், வாங்குபவரும் அறியார். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு பிறந்த ஊருக்குச் சான்று. தெளித்த மருந்துக்கு அன்று.

இதைப் படித்துவிட்டுத் திராட்சையே வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பழம் உண்பதன் பயன் எச்சத்தின் தீங்கைவிடப் பெரிது என்பதே மருத்துவ உலகின் கருத்து. பழத்தின் மீது மெல்லிய சாம்பல் பூத்தது போன்ற வெண்மையைக் கண்டு பல தாய்மார்கள் அதையே மருந்து என்று அஞ்சுகிறார்கள். அது பெரும்பாலும் பழமே சுரக்கும் மெழுகு. அது பழம் முழுவதும் ஒரே சீராகப் படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் தோல் பளபளக்கும். காம்பின் அருகிலும் குலையின் உட்புறத்திலும் திட்டுத் திட்டாக நீலம் கலந்த வெண்மையில் உலர்ந்து ஒட்டியிருப்பதே தெளித்த மருந்தின் தடம். செடிக்குள் ஊடுருவிப் பழச்சதையில் கலந்துவிட்ட மருந்து எதில் கழுவினாலும் போகாது. மேலே படிந்ததில் பெரும்பகுதி போகும். குலையை அப்படியே நீரில் முக்கி எடுப்பதால் உட்புறத்துக்குத் தண்ணீர் செல்வதில்லை. பழங்களைக் காம்பிலிருந்து தனித்தனியே கொய்து, சிறிது நேரம் நீரில் இட்டு, பின் ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவி எடுங்கள். உலர்ந்த திராட்சைக்கும் இதையே செய்யுங்கள். ஊற வைப்பதாக இருந்தால் முதலில் கழுவிய நீரைக் கொட்டிவிட்டு, வேறு நீரில் ஊற விடுங்கள்.